எய்த அம்பும் எய்யாத அம்பும்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த ஊர் செங்கல். சிறிது தூரம் சென்றால் களியக்காவிளை, அதற்கப்பால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்படும் வரை, இருபுறமும் ஒரே அரசின்கீழ் இருந்த மண் இது. இன்றும் இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி ஆலயத்தில் 111 அடி உயரச் சிவலிங்கம் ஒன்று வானோக்கி எழுந்து நிற்கிறது. அடியவர்கள் அதனுள்ளே படிப்படியாக மேலேறிச் சென்று வழிபடுகின்றனர்.

அங்கே வணங்கப்படும் ஈசனுக்கு நீலகண்டன் என்றொரு திருநாமம் உண்டு. பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்திற்கு முன்னே ஆலகாலம் எழுந்தது. தேவரும் அசுரரும் அஞ்சி ஓடினர். பரமன் அதை எடுத்து அருந்தினார். உள்ளே சென்றால் அவருள் அடங்கிய உலகங்கள் அழியும். வெளியே உமிழ்ந்தால் புறத்தேயுள்ள உயிர்கள் அழியும். அன்னை பார்வதி அவரது கண்டத்தைப் பற்ற, நஞ்சு அங்கேயே நின்றது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றதால் அது எவருக்கும் தீங்கு செய்யாமல் ஈசனுக்கு அணியாகவே ஆயிற்று.

விண்ணிலும் இத்தகைய நீலகண்டம் ஒன்று உண்டு. ஓசோன் என்பது மெல்லிய நீல நிறம் கொண்ட வாயு. மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து உருவாவது. தரையருகே அது மிகுந்தால் நுரையீரலுக்கு நஞ்சு, பயிருக்கும் கேடு. அதே வாயு ஏறத்தாழ 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் நிற்கும்போது, கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் கொடியவற்றைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அத்திரை இல்லையேல் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்கள் வாடும், கடலின் நுண்ணுயிர்கள் மடியும். பூமியின் தொல்வரலாற்றில் இத்திரை அமைந்த பின்னரே உயிர்கள் நீரை விட்டுக் கரையேறி நிலைபெற முடிந்தது என்பர் அறிவியலார்.

இத்தனை பெரிய காவலின் பருமன் எவ்வளவு? வானில் பரவிக் கிடக்கும் ஓசோன் முழுவதையும் கடல்மட்டத்திற்குக் கொண்டுவந்து, இங்குள்ள அழுத்தத்தில் ஒரு படலமாக விரித்தால் அது சுமார் 3 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும். செங்கல் வீடுகளின் தோட்டத்தில் படர்ந்திருக்கும் மிளகுக்கொடியின் ஒரு மணியளவு பருமன்கூட இல்லை. இறைவனின் காவல் பெரும்பாலும் இவ்வாறே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆரவாரம் செய்வதில்லை, இழக்கும்வரை எவரும் அதை நினைப்பதும் இல்லை.

நல்லெண்ணத்தோடு எய்த அம்பு

இக்காவலுக்குக் கேடு செய்தவன் கொடியவன் அல்லன் என்பதே முதலில் சிந்திக்கத் தக்கது. நூறு ஆண்டுகளுக்கு முன் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெதில் குளோரைடு போன்ற வாயுக்கள் பயன்பட்டன. குழாயில் கசிவு ஏற்பட்டால் உறங்கிக் கொண்டிருக்கும் குடும்பமே மாண்டுபோகும். இந்த அபாயத்தை நீக்க விரும்பிய அமெரிக்க வேதியியலார் தாமஸ் மிட்ஜ்லி, 1928-இல் தம் துணைவர்களோடு குளோரோஃபுளோரோகார்பன் வகை வாயுவைக் குளிரூட்டியாக உருவாக்கினார். அது எரியாது, நஞ்சில்லை, எதனோடும் எளிதில் வினைபுரியாது. 1930-இல் வேதியியலார் அவையில் அவர் அந்த வாயுவைத் தாமே மூச்சாக இழுத்து, மெல்ல வெளியே ஊதி, எரிந்து கொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். அவையோர் வியந்தனர்.

அதன்பின் குளிர்ப்பெட்டி, குளிர்சாதனம், நறுமணத் தெளிப்பான், மெத்தைக்கான நுரை என்று உலகெங்கும் அந்த வாயு பரவியது. தம் கண்டுபிடிப்பின் மறுபக்கத்தை அறியாமலேயே மிட்ஜ்லி 1944-இல் மறைந்தார்.

எளிதில் சிதையாது என்பதே அந்த வாயுவின் பெருமை. அப்பெருமையே பின்னர் பெருங்குறையாயிற்று. கீழ்வானில் எதனாலும் அழியாமையால் அது மெல்ல மெல்ல மேலேறியது. ஓசோன் படலத்தின் உயரத்தை அடைந்ததும் கடும் புற ஊதாக் கதிர் அதைப் பிளந்து குளோரின் அணுவை விடுவித்தது. அந்தக் குளோரின் அணு ஓர் ஓசோன் மூலக்கூறை அழித்துவிட்டுத் தான் அழியாமல் அடுத்ததைத் தேடிச் செல்லும். இவ்வாறு ஓர் அணு, பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது.

எண்ணம் தூயதாக இருந்தது. விளைவு தீயதாக முடிந்தது. இங்கே சாதகன் கற்க வேண்டிய பாடம் உண்டு. நல்லெண்ணம் இன்றியமையாதது, அதனோடு விழிப்பும் வேண்டும். நெருப்பு என்று அறியாமல் தொட்ட குழந்தையின் விரலையும் நெருப்பு சுடவே செய்யும்.

பலன் கருதாத காவலர்கள்

தவறு எவ்வாறு வெளிப்பட்டது என்பதில் தமிழ் மண்ணுக்கும் கேரள மண்ணுக்கும் பங்குண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் டாப்சன், வானத்து ஓசோனை அளக்கும் கருவிகளை அமைத்து, 1928-இல் அவற்றை உலகின் சில இடங்களுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று கோடைக்கானல் வானாய்வகம். அங்கே பதிவு செய்யப்பட்ட ஒளிப்படத் தகடுகள் கடல் கடந்து ஆக்ஸ்ஃபோர்டு சென்றன. வெப்பமண்டல வானில் ஓசோன் குறைவாக இருக்கிறது, பருவத்திற்குப் பருவம் அதிகம் மாறுவதும் இல்லை என்ற உண்மை அதனால் தெரிய வந்தது.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே.ஆர். இராமநாதன் இத்துறையில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். இளமையில் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பணிபுரிந்தார், சர் சி.வி. இராமனிடம் ஆய்வு பயின்றார். பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். ஓசோன் படலத்திற்கு ஆபத்து என்று எவரும் கனவிலும் எண்ணாத காலத்தில், அது எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவரும் அவர் மாணவர்களும் பொறுமையோடு அளந்தனர். செங்கலுக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்திலிருந்து இந்திய வானிலைத் துறை பலூன்களில் ஓசோன் அளவிகளைக் கட்டி வானில் பறக்கவிட்டு வந்தது.

நாள்தோறும் அளப்பதும் குறித்து வைப்பதும் சலிப்பூட்டும் பணி. பரிசில்லை; புகழில்லை; இதனால் என்ன பயன் என்று கேட்பவருக்குச் சொல்ல விடையும் இல்லை. நித்திய கர்மம் என்று சாத்திரங்கள் சொல்வது இதையே. விளக்கேற்றுபவர் எந்த இரவில் எந்த வழிப்போக்கன் வருவான் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

1974-இல் மோலினாவும் ரோலண்டும் இந்த வாயு ஓசோனை அழிக்கும் என்று கணக்கிட்டு எச்சரித்தனர். உற்பத்தியாளர்கள் மறுத்தனர்; சான்று எங்கே என்று கேட்டனர். இராமநாதன் 1984 டிசம்பர் இறுதியில் மறைந்தார். ஐந்து மாதங்கள் கழித்து, 1985 மே மாதத்தில், சான்று வந்தது. அன்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடாவில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950-களிலிருந்து டாப்சன் கருவியைக் கொண்டு ஆண்டுதோறும் அளந்து வந்தனர். அங்கே வசந்த காலத்தில் ஓசோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் அறிவித்தனர். உலகம் திடுக்கிட்டது. இடைவிடாது கணக்கு வைத்திருந்த எளிய கருவி ஒன்றே உலகிற்கு விழிப்பூட்டியது.

உலகம் எடுத்த விரதம்

அதன்பின் நிகழ்ந்தது அரிய செயல். 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி, ஓசோனை அழிக்கும் பொருள்களைக் குறைக்க உடன்பாடு செய்துகொண்டன. 2009-க்குள் உலகின் எல்லா நாடுகளும் அதில் இணைந்துவிட்டன. பகைநாடுகளும் அதில் ஒன்றாகக் கையொப்பமிட்டன.

பொருளால் மிகுந்தவர் அதிகம் நுகர்ந்தனர். வறியவர் மிகக் குறைவாகவே நுகர்ந்தனர். ஆகவே வறிய நாடுகளுக்குக் கால நீட்டிப்பும் பொருளுதவியும் வேண்டும் என்று இந்தியா முதலிய நாடுகள் எடுத்துரைத்தன. 1990-இல் லண்டனில் அதற்கெனப் பொது நிதி அமைக்க முடிவாயிற்று. 1992 ஜூனில் இந்தியா இந்த உடன்பாட்டில் சேர்ந்தது. வல்லவனுக்கு வல்லமைக்கேற்ற சுமை, எளியவனுக்கு எளிமைக்கேற்ற சுமை என்பது நம் தர்மம் என்றும் சொல்லிவந்ததே.

இந்தியாவில் இந்த வாயுவைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுள் ஒன்றின் ஆலை தமிழ்நாட்டின் மேட்டூரில் இருந்தது. குறித்த தேதிக்கு 17 மாதங்கள் முன்னதாகவே, 2008 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் இதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. ஆஸ்துமா நோயாளிகள் உள்ளிழுக்கும் மருந்துக்கு மட்டும், மாற்று வரும்வரை விலக்கு அளிக்கப்பட்டது. விரதம் கடுமையாக இருந்தபோதும், மூச்சுக்குத் தவிப்பவனை அது மறந்துவிடவில்லை.

மூன்று அம்புகள்

வினைகளை மூவகையாகப் பிரித்து நம் ஆசாரியர்கள் விளக்குவர். வில்லாளியின் தூணியில் கிடக்கும் அம்புகள் ஸஞ்சிதம்; சேர்த்து வைத்த வினை. வில்லை விட்டுப் புறப்பட்டுவிட்ட அம்பு பிராரப்தம். பலன் தரத் தொடங்கிவிட்ட வினை. கையில் எடுத்து நாணில் பூட்டும் அம்பு ஆகாமியம். இனிச் செய்யப் போகும் வினை.

இந்த உவமையின் முழுப்பொருளையும் இன்றைய வானில் காணலாம். முன்பே காற்றில் கலந்துவிட்ட வாயு எய்த அம்பு. அதன் ஒரு வகை சுமார் 50 ஆண்டுகளும், மற்றொரு வகை சுமார் 100 ஆண்டுகளும் வானில் தங்கும். அதைத் திரும்பப் பிடிக்க எந்த அரசனாலும் எந்த அறிஞனாலும் இயலாது. மாண்ட்ரியலில் கையொப்பமிட்ட மறுநாளே துளை மூடிக்கொள்ளவில்லை. 1990-களிலும் அது விரிந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி மிகப் பெரிதாக இருந்தது. நல்வழியில் கால் வைத்த பிறகும் துன்பம் தொடர்வதைக் கண்டு, "இறைவனை வேண்டத் தொடங்கிய பிறகுமா இந்தச் சோதனை?" என்று கலங்கும் அன்பர் பலர் உண்டு. அவர்களுக்கு வானம் விடை சொல்கிறது: இது பழைய அம்பு, சென்று முடியட்டும்.

பழைய குளிர்ப்பெட்டிகளிலும் நுரைப்பலகைகளிலும் இன்னும் அடைபட்டுக் கிடக்கும் வாயு தூணியில் உள்ள அம்பு. அதைக் கவனமாக வெளியேற்றிச் சேகரித்து அழித்துவிடலாம். ஞானத் தீயில் ஸஞ்சிதம் எரிவது போன்றது அது.

இனித் தயாரிக்கக்கூடிய வாயு கையிலுள்ள அம்பு. அதன்மீது மட்டுமே மனிதனுக்கு முழு அதிகாரம் உண்டு. உடன்பாட்டால் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு இன்று நீக்கப்பட்டுவிட்டது. எய்யாமல் கீழே வைத்த அம்பின் மகிமை அது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஓசோனைத் தயாரித்து வானில் நிரப்பியவர் எவரும் இல்லை. அது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. கதிரவனே அதை நாள்தோறும் புதிதாகப் படைத்துக்கொண்டிருக்கிறான். மனிதன் செய்ததெல்லாம் தீங்கை நிறுத்தியது ஒன்றே. அருளும் அத்தகையது. அது ஒரு கணமும் நிற்பதில்லை. தடை மட்டுமே நம்முடையது. தடையை விலக்கினால், புண்ணை ஆற்றும் பணியை இயற்கை தானே ஏற்றுக்கொள்கிறது.

விரதத்திற்கு இடையூறும் வந்தது. தடை செய்யப்பட்ட வாயுக்களில் ஒன்று 2012-க்குப் பின் மறைவாக மீண்டும் வெளியிடப்படுவதை 2018-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதில் பெரும்பகுதி கிழக்குச் சீனத்திலிருந்து வருவதாகப் பின்னர் தெரிந்தது. நடவடிக்கை எடுக்கப்பட்டது, வெளியீடு மீண்டும் குறைந்தது. ஊரை ஏமாற்றலாம், காற்றில் எழுதிய கணக்கு மறைவதில்லை. விரதம் எடுப்பது ஒரு நாள் வேலை. காப்பது நெடுநாள் வேலை.

செங்கலில் ஒரு வீடு

இது நாடுகளின் கதை. எளிய இல்லறத்தானுக்கு இதில் என்ன பங்கு என்று தோன்றலாம். செங்கலில் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த குளிர்ப்பெட்டி ஒன்றைப் பழைய இரும்புக்குப் போடுகின்றனர். எடுக்க வந்தவர் செம்புக்குழாயை வெட்டுகிறார். 'புஸ்' என்று ஓர் ஒலி. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. எவருக்கும் வலிக்கவில்லை, எவர் கண்ணிலும் நீர் வரவில்லை.

அந்த வாயு எங்கே செல்கிறது? பூமியில் காற்று மேல்வானத்திற்குள் ஏறும் வாயில் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது. செங்கல் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 8 பாகையில், அந்த வாயிலுக்குக் கீழே அமைந்துள்ளது. இங்கு மேலேறும் காற்று துருவங்களை நோக்கிச் செல்கிறது. வெப்பமண்டல வானில் விளையும் ஓசோனையும் அதே காற்றுதான் துருவங்களுக்குக் கொண்டு செல்கிறது. நம் தலைக்கு மேலுள்ள வானம் பிறருக்கென ஓசோனை விளைவித்து அனுப்பும் கொடையாளியாக இருக்கிறது. அக்கொடையோடு நஞ்சைக் கலந்து அனுப்பலாமா?

செங்கலின் வானில் துளை விழவில்லை. வெப்பமண்டலத்தில் ஓசோன் பெரிதாகக் குறையவும் இல்லை. துளை விழுந்தது குளிர்ப்பெட்டியே தேவைப்படாத பனிக்கண்டத்தின் மீது. ஓரிடத்தில் செய்த வினை, எவரும் காணாத வேறோரிடத்தில் பலித்தது. நம் பாவத்தின் பலன் நம் வாசலிலேயே வந்து விழும் என்றால் திருந்துவது எளிது. பிறர் வாசலில் விழுவதைத் தன் வாசலில் விழுந்ததாக உணர்வதே ஆன்மிகம்.

செங்கலுக்கு அருகே நெய்யாற்றங்கரையில் அருவிப்புரம் உள்ளது. 1888-இல் ஸ்ரீ நாராயண குரு அந்த ஆற்றிலிருந்தே ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்து, மனிதரைப் பிரித்த சுவர்களை மறுத்தார். வேற்றுமையற்ற அந்த ஒருமையைத்தான் வானமும் போதிக்கிறது. களியக்காவிளையில் மாநில எல்லை உண்டு. அதன்மேல் வீசும் காற்றுக்கு எல்லை இல்லை.

ஆகவே இல்லறத்தான் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய குளிர்ப்பெட்டியையும் குளிர்சாதனத்தையும் அகற்றும்போது, வாயுவைச் சேகரிக்கத் தெரிந்தவரிடமே ஒப்படைக்கலாம். பழுது பார்க்க வரும் மெக்கானிக்கிடம், "கேஸைத் திறந்து விட்டுவிடாதீர்கள்; சிலிண்டரில் பிடியுங்கள்" என்று அன்போடு கேட்கலாம். அதற்கான கூடுதல் கூலியை முணுமுணுக்காமல் தரலாம். அதுவும் ஒரு வேள்விக்குரிய ஆகுதிதான். வாழைக்கும் நெல்லுக்கும் தேவைக்கு மேல் யூரியா இடுவதைத் தவிர்க்கலாம். மிகுதியான தழைச்சத்து உரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடும் மேல்வானில் ஓசோனைச் சிதைக்கிறது.

"நான் ஒருவன் திருந்தினால் என்ன ஆகும்?" என்ற ஐயம் எழும்போது, துளை எவ்வாறு விழுந்தது என்பதை நினைக்க வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளில் எழுந்த சிறு சிறு 'புஸ்' ஒலிகளே அதை உண்டாக்கின. அது ஆறுவதும் கோடிக்கணக்கான சிறு சிறு அடக்கங்களால்தான்.

உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் 2023 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீடு ஆறுதல் தருகிறது. இப்போதைய கட்டுப்பாடு தொடர்ந்தால், உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040-ஐ ஒட்டி 1980-இல் இருந்த நிலையை அடையும். வடதுருவத்தில் 2045-ஐ ஒட்டி. அன்டார்க்டிகாவில் 2066-ஐ ஒட்டி. ஆண்டுக்காண்டு ஏற்றத்தாழ்வு இருக்கும். போகும் திசை நல்ல திசை.

அந்த 2066-ஐ, மாண்ட்ரியலில் கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் காண மாட்டார்கள். ஹாலி விரிகுடாவில் அளந்த ஃபார்மன் 2013-இலேயே மறைந்துவிட்டார். இன்று செங்கலில் பிறக்கும் குழந்தை அப்போது நாற்பது வயதை எட்டியிருக்கும். மகேஸ்வரம் ஆலயத்தின் முன் நின்று அது அண்ணாந்து பார்க்கும்போது, வானம் என்றும் போல் நீலமாகவே தெரியும். அங்கே ஒரு புண் இருந்ததும் ஆறியதும் அதற்குத் தெரியாமலே போகலாம். தெரியாமலே காக்கப்படுவதைவிடப் பெரிய பேறு ஒரு குழந்தைக்கு வேறென்ன உண்டு?

எய்த அம்பைப் பற்றிய கவலையை ஈசனிடம் விட்டுவிடலாம். கையிலுள்ள அம்பை இன்றே கீழே வைக்கலாம். அதற்கு வேண்டிய விழிப்பையும் பொறுமையையும் நீலகண்டப் பெருமான் அனைவருக்கும் அருள்வாராக!